முன்கூட்டிய நன்றி

நடந்தவை, வரிசைப்படி:

1. பெம்பான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மாணவர் விவரங்களை வைத்திருந்த பழைய மென்பொருள், அலுவலகத்துக்கு வந்த புதுக் கணினியில் ஏற மறுத்தது.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், விளையாட்டுப் போட்டி நாளன்று ஒலிபெருக்கியில், பள்ளிக்கென்றே ஒரு புது சிஸ்டம் உருவாகிறது என்று அறிவித்தார். அப்போது அதை உருவாக்க ஆளே இல்லை.

3. அதை இலவசமாகச் செய்து தர முன்வந்ததற்காக எனக்கு நன்றி சொன்னார். நான் திடலோரத்தில் நின்று மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

4. எல்லாரும் கை தட்டினார்கள்.

5. செய்து கொடுத்தேன்.

6. தொடங்கிய அன்றைக்கே அது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் பையன் என்று காட்டியது.

7. அதனால் ஒரு விஷயம் வெளியே வந்தது. எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாத அந்தத் தலைவர், அதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று.

பெயர்களை எழுதப்போவதில்லை. அந்த மாணவியின் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். அதனால் சங்கத் தலைவரையும் தலைவர் என்றே சொல்கிறேன். ஊரிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தலைவரின் தொழில் கூடாரம் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா எதுவானாலும் கூடாரம், மேசை, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அவர் லாரியில்தான் வந்து இறங்கும். இதில் முக்கியமானது கடைசிப் பொருள். மைக் அவருடையது, ஸ்பீக்கரும் அவருடையது. ஆகவே ஜாசின் வட்டாரத்தில் எந்த நிகழ்ச்சியிலும் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிவைக்க யாராலும் முடிந்ததில்லை. மணமக்களை வாழ்த்தத் தொடங்குவார்; நான்காவது வாக்கியத்தில் பள்ளிக்கூடக் கழிவறைக்கு வந்துவிடுவார்.

அவர் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். கேட்பதற்குப் பதிலாக நன்றி சொல்வார். செய்யாத காரியத்துக்கு, செய்யச் சம்மதிக்காத ஆளுக்கு, நானூறு பேர் முன்னால் நன்றி. கை தட்டல் ஓய்ந்த பிறகு அந்த ஆள் என்ன செய்ய முடியும்?

ஹார்ட்வேர் கடைச் சீன முதலாளி, தவுக்கே ஒருவர், மரியாதைக்காகக் கோயில் திருவிழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிச் சுவருக்குப் புதுப் பெயிண்ட் தர முன்வந்த தவுக்கேக்கு நன்றி என்று தலைவர் அறிவிக்க, தமிழ் தெரியாத தவுக்கே தன் பெயர் காதில் விழுந்ததால் எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டிருக்கிறார். மறுநாள் கடைக்குப் போன தலைவரிடம், நேற்று எனக்கு எதற்குக் கை தட்டினார்கள் என்று மலாயில் கேட்டிருக்கிறார். சொன்னதும், “என்ன கலர்?” என்றாராம். இந்தக் கதையைத் தலைவர் என்னிடம் குறைந்தது மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் தவுக்கே கும்பிட்டதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார்.

எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. சமையல் குத்தகை எடுப்பவர் ஒருவருக்கு, பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுக்கக் காலைப் பசியாறல் கொடுப்பதாக நன்றி சொல்லிவிட்டார். அவருக்குத் தொழிலே படுத்துக் கிடந்த நேரம் அது. மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல், அந்த மனிதர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி என் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார். நான் தலைவரிடம் கேட்டேன்.

“அவரு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா.”

“நீங்க முதல்ல கேட்டிருக்கலாம் அங்கிள்.”

“கேட்டா இல்லன்னுதான்மா சொல்வாங்க.”

“நன்றி சொன்னா?”

“எப்படி இல்லன்னு சொல்றது?”

“அதான் அங்கிள் பிரச்சினை.”

“பிரச்சினையா? அதான்மா டெக்னிக்கு.”

சிரித்தார். ஆனால் அதற்கடுத்த வாரம் அந்தச் சமையல்காரர் வீட்டுப் பக்கம் அவர் லாரி நின்றதாக அக்கா சொன்னாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அந்தக் குடும்பம் பிறகும் கோயிலுக்கு வரவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆயர் குரோவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அக்கா மகன் அந்தப் பள்ளியில் படித்தான். தங்கச்சிக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று அக்கா கேண்டீனில் யாரிடமோ சொன்னது தலைவர் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் விசாரணை.  போட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். கை தட்டிய முகங்களைப் பாசார் சந்தையில் பார்த்துப் பார்த்து வெட்கமாகிவிட்டது. டெக்னிக் வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

பழைய மென்பொருளை, பல வருடம் முன்பு மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். நீலத் திரை, மலாய்த் தலைப்புகள், எல்லாம் பெரிய எழுத்து. கல்வி அமைச்சுக்கு அனுப்பும் விவரங்களுக்குத் தனி முறைமை உண்டு. இது பள்ளியின் சொந்தத் தேவைக்கு. வருகை, தேர்வுப் புள்ளிகள், இரவல் புத்தகம், வேன் ஏறும் இடம். அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிராணி அக்காவுக்கு அதன் மேல் பாசம். “அது பாட்டுக்குக் கெடந்துச்சி, நோண்டாதன்னு சொன்னேன்” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை வரவேற்பார். வரவேற்றுவிட்டு மைலோ கலக்கித் தருவார்.

நான் செய்துகொண்டிருக்கும்போதே தலைவர் தினமும் போன் செய்வார்.

“இன்ஜினியரம்மா, எந்த அளவுல இருக்கு?”

“பாதி ஆயிருச்சி அங்கிள். இன்னும் பழைய விவரங்களை மாத்தணும், அப்புறம் சோதிக்கணும்...”

போனை முகத்திலிருந்து நகர்த்தி, பக்கத்தில் யாரிடமோ அவர் சொல்வது எனக்கே கேட்கும்: “முடிஞ்சிருச்சாம்!”

பழைய மென்பொருளில் இரண்டு குணங்கள் இருந்தன. ஒன்று, மாணவரின் அடையாள எண்ணை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இரண்டு, மாணவர் ஆணா பெண்ணா என்று எங்கேயும் கேட்காது. புதியதில் அது தேவைப்பட்டது. நம் நாட்டு அடையாள எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதை வைத்து நிரல் தானே நிரப்பிக்கொள்ளும்படி எழுதினேன். எல்லாருடைய எண்ணும் உண்மையான எண் என்றால் அதில் பிழை வராது.

தொடக்க நாள் பெற்றோர் கூட்டத்தில். மண்டபத்தில் திரை கட்டியிருந்தார்கள். பெற்றோர் அவரவர் கைபேசியில் நுழைந்து பிள்ளையின் பக்கத்தைப் பார்த்தார்கள். ஒரே சத்தம், சிரிப்பு, “அடேய் கணக்குல இவ்ளோதானா” என்று ஒரு குரல். அப்போது பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, “இதுல எம்மகளை மகன்னு போட்டிருக்கு” என்றார். தொழிற்சாலைச் சீருடையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலைவர் மைக்கோடு அவரை நோக்கி நடந்தார்.

“தங்கச்சி, சிஸ்டம் புதுசு, அதுக்கும் ஆள் அடையாளம் தெரிய நாளாகும்லா. மகனோ மகளோ, உங்க பிள்ளை அடுத்த வருஷம் ஃபார்ம் ஒன்னுக்குப் போவுது, அதான் முக்கியம். ஒரு பிள்ளையும் விடாம இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பி வைக்கப்போற நம்ம தலைமையாசிரியைக்கு முன்கூட்டியே நன்றி!”

மண்டபம் கை தட்டியது. மேடையில் தலைமையாசிரியை மட்டும் தட்டவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கிராணி அக்கா கதவைச் சாத்தினார். நானும் தலைவரும் உள்ளே இருந்தோம். அந்தப் பிள்ளைக்கு அடையாள எண்ணே கிடையாது என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பிறப்பைப் பதியவே இல்லை. பள்ளி அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, பத்திரம் வாங்கிவிடுங்கள் என்று அம்மாவிடம் வருடா வருடம் சொல்லியிருக்கிறது. எண் இல்லாமல் பழைய மென்பொருள் நகராது என்பதால், முன்பிருந்த யாரோ பிறந்த தேதியைப் போட்டு, பின்னால் வாய்க்கு வந்த இலக்கங்களைச் சேர்த்திருக்கிறார்கள். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாகிவிட்டது.

“அண்ணே, நன்றி சொல்லிட்டீங்க” என்றார் அந்த அம்மா. “எம்பிள்ளைக்குப் பொறப்புப் பத்திரமே இல்ல. ஃபார்ம் ஒன்னுக்கு முதல்ல அதைத்தான் கேப்பாங்க. இல்லன்னா மனு போட்ட ரசீதாவது கேப்பாங்க. ரெண்டும் இல்ல.”

“ஏம்மா இத்தன வருஷம்...”

“அவ எஸ்டேட்டு லயத்து வரிசை வீட்டுல பொறந்தா. மழை, வண்டி வர்றதுக்குள்ள பொறந்துட்டா. அவங்கப்பா நாளைக்குப் பதிஞ்சிக்கலாம், நாளைக்குப் பதிஞ்சிக்கலாம்னாரு. அப்புறம் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவரு திரும்பல. நாள் தாண்டிப் போனா, பொறந்ததைப் பார்த்த ஆள் வந்து சத்தியம் பண்ணணுமாம். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்தாங்க. எஸ்டேட்டு மூடுனப்ப எல்லாரும் செதறிட்டாங்க. அந்தக்கா எங்க இருக்காங்கன்னே தெரியல.”

“அவ்வளவுதானே?” தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. “வர்ற வெள்ளிக்கெழமை நம்ம கோயில்ல, மறுநாள் ஜாசின்ல ஒரு கல்யாணம், ரெண்டு எடத்துலயும் மைக்குல...”

“மைக்குல வேணாம்ணே.”

“எல்லாருக்கும் ஒரே நேரத்துல...”

“வேணாம்ணே. யாருக்கும் தெரிய வேணாம். கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது.” கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க உதவி செய்யலன்னாலும் பரவால்ல. மைக்குல மட்டும் சொல்லிடாதீங்க.”

 “சரி தங்கச்சி” என்றார் தலைவர். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் எனக்கு போன் வந்தது. “சிஸ்டத்துல பெத்தவங்களோட பழைய முகவரியெல்லாம் இருக்கில்ல? அந்த எஸ்டேட்டுப் பேரைப் போட்டுத் தேடிப் பாரு.”

முடியாது என்றேன். பெற்றோர் அந்த விவரத்தைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள், ஆள் தேடுவதற்குக் கொடுக்கவில்லை. ஒரு முறை திறந்துவிட்டால் அடுத்த முறை வேறு யாராவது வேறு காரணத்துக்காகக் கேட்பார்கள். பொறுமையாகச் சொன்னேன். “நீ சரிப்பட்டு வரமாட்ட” என்று போனை வைத்துவிட்டார். என்னால் செய்ய முடிந்தது வேறு: எண் இல்லாமலும் ஒரு பிள்ளையின் பதிவு இருக்கலாம் என்று மாற்றினேன். ஆண், பெண் என்பதைத் தனியாகக் கேட்க வைத்தேன். அவள் பக்கத்தில் ‘மகள்’ என்று வந்தது.

தலைவர் தன் வழியில் தேட ஆரம்பித்தார். கூடாரம் இறக்கும் ஒவ்வோர் இடத்திலும், கம்பு நடும் நேரத்தில், அந்த எஸ்டேட்டு ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்டார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், முதலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்: பழைய எஸ்டேட்டு ஆட்களுக்கு ஓர் ஒன்றுகூடல் நடத்தப் போகிறேன்.

அது பரவிவிட்டது. மைக் இல்லாமலே பரவியது. ஆயர் குரோ குடியிருப்பிலிருந்து ஒருவர், தன் பங்குக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதாகச் செய்தி அனுப்பினார். ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தலைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எங்க எல்லாரையும் ஒன்னு சேக்கப் போறீங்களாமே, முன்கூட்டியே நன்றி தலைவரே” என்றார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எனக்கு போன் செய்து இதைச் சொன்னபோது தலைவர் குரலில் கோபமே இருந்தது. “எங்கிட்டயேவா?”

“டெக்னிக்கு அங்கிள்.”

“சிரிக்காத. இப்ப நான் எப்டி இல்லன்னு சொல்றது?”

சொல்லவில்லை. ஒன்றுகூடலை நடத்தினார். பெம்பானில் ஒரு திடலில், சொந்தக் கூடாரத்தில், பள்ளித் தவணை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த எஸ்டேட்டில் அவர் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. “தலைவரு எந்த லயம்?” என்று கேட்டவர்களிடம், “கடைசி லயம்தான்லா” என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவும் வந்திருந்தார். அவர் மகள் என் அக்கா மகனோடு ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நின்றாள். பத்து மணி தாண்டியும் பக்கத்து வீட்டு அக்கா வரவில்லை. அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் மைக் அவர் கையில் இருந்தது. முன்னால் அத்தனை பேர், எல்லாரும் அந்த எஸ்டேட்டுக்காரர்கள். அந்த அக்காவின் பெயரை ஒரு முறை சொன்னால் போதும். அந்தப் பிள்ளைக்காக என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அரை மணி நேரத்தில் பத்துப் பேர் பத்துப் பக்கம் போன் போடுவார்கள்.

தலைவர் மைக்கைத் தட்டினார்.

“எல்லாருக்கும் வணக்கம். இந்த எடத்துல ஒரு முக்கியமான விஷயம்...”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவின் கையில் இருந்த பலகாரத் தட்டு அப்படியே நின்றது. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அதன் கம்பியைப் பிடுங்குவதற்குக் கையை வைத்துவிட்டேன்.

“முக்கியமான விஷயம் என்னன்னா...” அவர் நெற்றியைத் துடைத்தார். “வெள்ளை வேன் ஒன்னு ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் எடுத்துருங்க. அப்புறம், சாப்பாடு ரெடி.”

வெள்ளை வேன் எதுவும் ரோட்டை மறிக்கவில்லை. மூன்று பேர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மைக்கை அணைத்துவிட்டு அவர் பந்திக்கு இறங்கினார். ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து, சாம்பார் வேண்டுமா என்று கேட்டு, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாக விசாரித்தார். அந்த நடைக்கு மதியம் வரை ஆனது. பந்தி முடியும் நேரத்தில் ஒரு மேசையில் விடை கிடைத்தது: அந்த அக்கா கோலா சுங்கை பாருவில் மகளோடு இருக்கிறார், மருமகன் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார், கால்வலியால் வர முடியவில்லை. தலைவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். கூடாரத்தைக் கழற்றக்கூட நிற்காமல், மகளை என் அக்காவிடம் விட்டுவந்த அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு லாரியை எடுத்தார். நடுவில் நான் உட்கார்ந்தேன்.

அலோர் காஜா தாண்டும்போது அவர் லாரியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, “கேக்கணும். என்ன வார்த்தையில கேக்கிறதுன்னு யோசிக்கிறேன்” என்றார்.

அந்த அக்கா வீட்டு வாசலில் மீன் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அந்த அம்மாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “மழையில பெத்தவ” என்று கூப்பிட்டார். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அக்கா, ஒரு உதவி. பதிவிலாகாவுக்கு வந்து பார்த்ததைச் சொல்ல முடியுமா? முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டோம்.”

அந்த அக்கா காலைக் காட்டினார். “படியேற முடியாதுப்பா.”

“தூக்கிட்டுப் போறேன்க்கா.”

“அப்ப வர்றேன்.”

பதிவிலாகாவில் மூன்று படிகள்தான் இருந்தன. சாய்வுப் பாதையும் இருந்தது. இருந்தாலும் கூடாரக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனாராம். சத்தியப் பத்திரம் எழுதி, மனு போட்டு, ரசீது வாங்கினார்கள். ரசீதின் நகல் தலைமையாசிரியையிடம் போனது. அந்தப் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனாள்.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சொன்னபடி ஒரு பிள்ளை விடாமல் இடைநிலைப்பள்ளிக்குப் போயாயிற்றே என்று யாரோ தலைவரைப் பாராட்டினார்கள். அவர் உடனே பேச்சை மாற்றிப் பள்ளி வேலிக்குப் போனார். வேலி போடப் போகும் ஒருவருக்கு நன்றி சொன்னார். அந்த மனிதர் அதிர்ந்துபோய் எழுந்து நின்றார். தலைவர் திருந்திவிடவில்லை.

பிறப்புப் பத்திரம் வர நெடுநாள் ஆனது. அதற்குள் வகுப்பில் எல்லாரும் அடையாள அட்டை எடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று மகள் கேட்க, இனி மறைக்க முடியாது என்று அம்மா ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அழுவாள் என்று நினைத்திருக்கிறார். அவள் கேட்டது, வேறு யார் யாருக்குத் தெரியும் என்பதைத்தான்.

“உங்க ஸ்கூல் தலைமையாசிரியை, கிராணி அக்கா, கம்ப்யூட்டர் அக்கா, கோலா சுங்கை பாரு பெரியம்மா. அப்புறம் தலைவர் அங்கிள்.”

“தலைவர் அங்கிளுக்குமா?” என்றாளாம். “பொய் சொல்லாதம்மா.”

இப்போதைய நிலை இது. பத்திரம் வந்துவிட்டது. அவளுக்கு அடையாள அட்டை இருக்கிறது. படிவம் இரண்டில் படிக்கிறாள். நான் செய்த சிஸ்டம் பள்ளியில் ஓடுகிறது, சிறு சிறு குறைகளோடு. பழைய கணினியைக் கிராணி அக்கா இன்னும் தூக்கிப்போட விடவில்லை. சங்கத்துக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். பழைய தலைவர், மகன் இருக்கும் சிரம்பானுக்குத் தொழிலோடு குடிபோய்விட்டார்; அங்கே எந்தப் பள்ளிக்காக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரியவில்லை.